தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா?

கேள்வி: 8 ஜூன் 2024

அக்கா, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். +2-வில் கணிதம், கணினி அறிவியல் குரூப். கட்-ஆஃப் 200-க்கு 148. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கணும்னு ஆசை. ஆனா எங்க மாமா, "தமிழ் மீடியம் பிள்ளைங்க முதல் செமஸ்டர்லயே எல்லாப் பாடத்துலயும் அரியர் வைக்கும். பேசாம பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி. சேரு"ங்கிறார். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, போன்தான். நீங்களும் தமிழ் மீடியத்திலிருந்து போனவங்கன்னு முன்னாடி எழுதியிருந்தீங்க. சேர்ந்தா சமாளிக்க முடியுமா?

8 ஜூன் 2024, இரவு 10.50

சேரு தங்கச்சி. முடியும். நான் 2013-இல் சேர்ந்து 2017-இல் முடித்தேன். ஆங்கிலம் ஒரு பிரச்சினையே இல்லை. கணக்கு வந்தால் போதும்.

பணத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, வீட்டில் கேட்பார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் உனக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. பொறியியலுக்கு அது 2021-இல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசே கட்டுகிறது. அது தவிர புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வரும். எல்லா வகுப்புக்கும் படித்த பள்ளியிலிருந்து சான்று வாங்கி வை. ஆறாம் வகுப்பு வேறு பள்ளியில் படித்திருந்தால் அங்கேயும் போக வேண்டும். கடைசி நாளில் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

9 ஜூன் 2024, காலை 6.15

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. "ஆங்கிலம் ஒரு பிரச்சினையே இல்லை" என்று எழுதியது பொய். அதை அழிக்காமல் இங்கே திருத்துகிறேன். தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு எனக்குச் சொன்ன எல்லாரும் இதே பொய்யைத்தான் சொன்னார்கள். போய்ப் பார்த்தபோது அடி என் மேல்தான் விழுந்தது.

முதல் ஆறு மாதம் ஆங்கிலம் பெரிய பிரச்சினை. வகுப்பில் மேடம் பேசுவதில் பாதி புரியாது. புரியாத வார்த்தையை நோட்டில் தமிழில் ஒலியாக எழுதிக்கொள்வேன். ராத்திரி ஹாஸ்டலில் அகராதி எடுத்தால் ஸ்பெல்லிங் தெரியாததால் தேட முடியாது. பக்கத்து ரூம் பெண்ணிடம் போய் நிற்பேன்.

முதல் லேப் தேர்வு. எனக்கு வந்த புரோகிராம் பகா எண் கண்டுபிடிப்பது. ஒரே தடவையில் அவுட்புட் வந்தது. அடுத்து வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல், "மெயின் ஃபங்ஷனோட ரிட்டர்ன் டைப் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதில் ஒரே சொல். எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. அவர் என் ரெக்கார்ட் நோட்டைப் புரட்டினார், என்னைப் பார்த்தார், "யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். அதற்கும் நான் பேசவில்லை. லேபுக்கு வெளியே வந்து குழாயடியில் நின்று அழுதேன்.

ஆக, ஆங்கிலம் பிரச்சினைதான். ஆனால் எவ்வளவு காலம், எந்த இடத்தில் என்று தெரிந்தால் அதைத் தாண்டலாம். பாடம் புரிவதற்கு அது தடை இல்லை. புரிந்ததை வெளியே சொல்லத்தான் தடை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, நமக்கு மூளையே இல்லை என்று முடிவுகட்டியவர்கள் என் வகுப்பிலேயே நான்கு பேர். ஒருத்தி இரண்டாம் வருடம் டிசி வாங்கிப் போய்விட்டாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி.

9 ஜூன் 2024, மதியம்

மாமா சொன்ன அரியர் கணக்குக்குப் பதில். எனக்கு முதல் செமஸ்டரில் ஆறு தியரி பேப்பர். நான்கில் பாஸ். போனது எம்-1, அதாவது முதல் கணிதத் தாள், இன்னொன்று இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். ஆங்கில மீடியத்தில் படித்த ரூம்மேட்டுக்கும் அதே இரண்டுதான் போனது. கிராஃபிக்ஸ் எந்த மீடியத்தையும் பார்க்காது. கூம்பை வெட்டி விரித்து வரையச் சொன்னால் எல்லாருக்கும் ஒரே கஷ்டம்.

15 ஜூன் 2024

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன்.

எங்கள் ஊர் ஆரணிப் பக்கம். அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். +2-வில் அரசு மடிக்கணினி கிடைக்கும்வரை கணினியை நான் பள்ளி லேபில் மட்டும்தான் தொட்டிருக்கிறேன், அதுவும் மூன்று பேருக்கு ஒன்று. கல்லூரிக்குப் போனதும், சின்ன வயசிலிருந்தே கணினி வைத்திருந்த பிள்ளைகளின் விரல் ஓடும் வேகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன்.

முதல் செமஸ்டர் லீவில் வீட்டுக்கு வந்தபோது அப்பா தறிக்கு மேலே ஏறி ஜக்கார்டு அட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சேலைக் கரையில் மயில் மாதிரி வரும் உருவத்துக்குத் தறிக்கு மேல் ஒரு பெட்டி இருக்கும். அதில் ஓட்டை போட்ட கெட்டி அட்டைகளை வரிசையாக நூலால் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். மிதியை மிதித்தால் ஓர் அட்டை வந்து ஊசிகளின் எதிரே நிற்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அதன் கொக்கி நகராமல் நிற்கும், நீளவாட்டில் ஓடும் அந்தப் பாவு நூல் மேலே தூக்கப்படும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். கொக்கி விலகிக்கொள்ளும், நூல் கீழேயே கிடக்கும். இடையில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா போகும். அடுத்த மிதி, அடுத்த அட்டை.

கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அதனால் ஒரு மயில் முடிந்ததும் மறுபடி முதல் அட்டை வரும், மறுபடி மயில். சேலை நீளத்துக்கும் அட்டை செய்ய வேண்டாம், ஒரு மயிலுக்குச் செய்தால் போதும்.

லூப், அதாவது ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, என்று ஆறு மாதமாக மனப்பாடம் செய்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அப்பா தேடிக்கொண்டிருந்தது இடம் மாறிக் கோத்த ஓர் அட்டையை. ஒவ்வொரு மயிலுக்கும் கழுத்தில் ஒரே இடத்தில் ஒரு இழை தப்பியிருந்தது. "ஒரு மயில்ல மட்டும் தப்பு வந்தா அது என் கை. எல்லா மயில்லயும் அதே எடத்துல வந்தா அது அட்டை" என்றார். லூப்புக்கு உள்ளே இருக்கிற தப்பையும் வெளியே இருக்கிற தப்பையும் பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல பாடம் எனக்குக் கல்லூரியில் கிடைக்கவில்லை. இன்றைக்கும் வேலையில் பிழை தேடும்போது முதலில் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: எல்லா மயிலிலுமா, ஒரு மயிலிலா?

இந்த அட்டை முறையை ஜக்கார்டு செய்து காட்டியது பிரான்சில், 1804-இல். கணினிக்கு முன்னோடியான கணக்கு எந்திரத்தை வடிவமைத்த பாபேஜ் தன் எந்திரத்துக்கு ஓட்டை அட்டையை வைத்துத் திட்டம் போட்டதும், 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் ஓட்டை அட்டையில் எண்ணியதும் இதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டில் கணினி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் மூதாதை நடுவீட்டில் குழித்தறி மேல் உட்கார்ந்திருந்தது.

16 ஜூன் 2024

சிலர் தனியாகக் கேட்டார்கள். ஆமாம், அப்பா இன்னும் நெய்கிறார். இப்போது பாதி நாள்தான்.

23 ஜூன் 2024

கணினி இல்லாமல் இந்த லீவில் செய்யக்கூடிய ஒரு வேலை. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். புரோகிராமை மேலே எழுது. கீழே ஒவ்வொரு மாறிக்கும், அதாவது மதிப்பை வைத்திருக்கும் பெயருக்கும், ஒரு கட்டம் போடு. இப்போது கணினி நீதான். ஒவ்வொரு வரியாகப் போய், மதிப்பு மாறும்போது பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுது. அவசரப்படாதே. பைத்தானில் 1-இலிருந்து 5 வரை ரேஞ்ச் என்று கொடுத்தால் 5 வராது, 4-லேயே நின்றுவிடும். படித்தால் மறந்துபோகும். கையால் நான்கு தடவை அடித்து எழுதினால் மறக்காது.

உனக்கு முதல் செமஸ்டரில் பைத்தான், இரண்டாவதில் சி. எங்களுக்கு முதலிலேயே சி. வெளியிலிருந்து மதிப்பை வாங்கும் ஸ்கேன்எஃப் எழுதும்போது மாறிக்கு முன்னால் அந்தச் சின்னக் குறியை, ஆம்பர்சேண்டை, விட்டுவிட்டு, புரோகிராம் நடுவில் செத்துப்போய் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். காலண்டர் தாளில் கட்டம் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்த ஃபங்ஷன் கேட்பது வீட்டின் விலாசத்தை. நான் கொடுத்தது வீட்டுக்குள் கிடந்த ஏதோ ஓர் எண்ணை. அது அந்த எண்ணையே விலாசம் என்று நம்பி யார் வீட்டுக் கதவையோ தட்டப் போகிறது. இப்படி விலாசத்தை வைத்து வேலை செய்யும் பாயின்டர் பாடத்துக்கு எல்லாரும் பயப்படுவார்கள். தாளில் விலாசத்துக்கு ஒரு வரிசை, மதிப்புக்கு ஒரு வரிசை போட்டவள் பயப்பட மாட்டாள்.

30 ஜூன் 2024

இரண்டு பத்தி நோட்டு பற்றிச் சொல்கிறேன். என்னைக் கரைசேர்த்தது இதுதான்.

நீள நோட்டு ஒன்றை நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், புத்தகத்தில் உள்ள வரையறை அப்படியே. பரீட்சையில் அதைத்தான் எழுத வேண்டும். வலப்பக்கம் என் சொந்தத் தமிழ், எங்கள் வீட்டுப் பேச்சில். மொழிபெயர்க்கக் கூடாது. புரியாமல் வலப்பக்கம் எழுத முடியாது, அதுதான் இதன் பலம். வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்தப் பாடம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தில் டெட்லாக். வலப்பக்கம் நான் எழுதியது: ஹாஸ்டல் பாத்ரூம். ஒருத்தி கையில் வாளி, ஒருத்தி கையில் மக்கு. இரண்டும் இருந்தால்தான் குளிக்க முடியும். வாளிக்காரி மக்குக்குக் காத்திருக்கிறாள், மக்குக்காரி வாளிக்கு. இரண்டு பேரும் விட மாட்டார்கள். காலேஜ் பஸ் போய்விட்டது.

டெட்லாக் வர நான்கு நிபந்தனைகள் என்று புத்தகம் சொல்லும். நான்கும் அந்த பாத்ரூமில் இருக்கின்றன. வாளியை ஒரே நேரத்தில் ஒருத்திதான் பிடிக்க முடியும். கையில் இருப்பதை விடாமலே அடுத்ததற்குக் காத்திருக்கிறார்கள். பிடுங்க ஆள் இல்லை. காத்திருப்பு வட்டமாக இருக்கிறது. வார்டன் வந்து வாளியைப் பிடுங்கினால் மூன்றாவது உடையும். "எல்லாரும் முதலில் வாளி, அப்புறம்தான் மக்கு" என்று சட்டம் போட்டால் நான்காவது உடையும். பரீட்சையில் 16 மார்க் கேள்வியாக இது வந்தபோது பாத்ரூமை நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு நிபந்தனையும் விடவில்லை.

கேஷ் மெமரிக்கு: அஞ்சறைப் பெட்டி. கடுகுக்காக ஒவ்வொரு தடவையும் மளிகை அறைக்கு ஓட முடியாது. அடிக்கடி வேண்டியது அடுப்புப் பக்கத்தில் கொஞ்சம் இருக்கும்.

+1, +2 கணினி அறிவியல் தமிழ்ப் புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதே. செயற்கூறு, மடக்கு, அணி, தற்சுழற்சி என்று நீ படித்ததெல்லாம் ஃபங்ஷன், லூப், அரே, ரிகர்ஷன் என்று வேறு பெயரில் வந்து நிற்கப் போகிறது. பழைய ஆட்கள்தான், அடையாளம் தெரிந்தால் பயம் போய்விடும்.

2 ஜூலை 2024

அஞ்சறைப் பெட்டி உவமை சரியில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொல்வது சரி. கடுகை எடுத்துப் பெட்டியில் போட்டால் மளிகை அறையில் அந்தக் கடுகு இருக்காது. கேஷில் இருப்பது நகல். மூலமும் அங்கேயே இருக்கும். நகலைத் திருத்தினால் மூலத்தையும் திருத்தியாக வேண்டும். அந்தப் பாடத்தின் பாதிக் கஷ்டமே அதுதான், என் உவமை அதை மறைத்துவிடுகிறது.

யோசித்துப் பார்த்தேன். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரிஜினல் பீரோவில், ஜெராக்ஸ் கைப்பையில். ஒரிஜினலில் பெயர் சேர்த்துவிட்டுப் பழைய ஜெராக்ஸையே காட்டிக்கொண்டிருந்தால் வரும் தகராறு கேஷிலும் வரும். உன் நோட்டில் நீயே வேறு எழுது. அடுத்தவள் எழுதிய வலப்பக்கத்தைக் காப்பி அடித்தால் அதுவும் இடப்பக்கம்தான்.

14 ஜூலை 2024

பி.இ.யா, பி.எஸ்சி.யா? மாமா சொன்னதை நான் முதலில் உதறித் தள்ளிவிட்டேன். முழுக்கத் தள்ளக்கூடாது.

சரியான ஆசிரியர் இல்லாத, லேபில் பாதி மெஷின் ஓடாத தனியார் கல்லூரி பி.இ.யைவிட, ஒழுங்காக வகுப்பு நடக்கிற அரசு கலைக் கல்லூரி பி.எஸ்சி. மேல். மூன்றே வருடம், செலவும் குறைவு. இன்னொரு வழியும் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2020-இல் ஆரம்பித்த ஆன்லைன் பட்டப் படிப்புக்கு ஜேஇஇ வேண்டாம். அவர்களே நான்கு வாரம் பாடம் நடத்தி, அதில் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். தேர்வை மட்டும் நேரில் போய் எழுத வேண்டும். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. பி.எஸ்சி. படித்துக்கொண்டே அதையும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்கில் உண்மையான பித்து இருந்தால் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம். அங்கே கணிதமும் கணினியும் சேர்ந்த பி.எஸ்சி. உண்டு, தனி நுழைவுத் தேர்வு. அது இந்த வருடம் உனக்குத் தாண்டிப்போச்சு. தம்பி, தங்கை இருந்தால் சொல்லி வை.

பி.இ.தான் என்றால், கவுன்சலிங்கில் கல்லூரி எண்ணைப் பார்க்கும் முன் ஒரு நாள் பஸ் ஏறி நேரில் போய்ப் பார். நுழைவாயில் கட்டடத்தைப் பார்க்காதே. லேப் எங்கே என்று கேள். மூன்றாம் வருடப் பெண் ஒருத்தியிடம், "லேப் சாயங்காலம் திறந்திருக்குமா அக்கா?" என்று கேள். அவள் சிரித்தால் கிளம்பி வந்துவிடு.

14 ஜூலை 2024, இரவு

கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பதில் இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ், கிடைத்தால் என்ன செய்வது என்று இன்னொரு தம்பி கேட்டிருக்கிறார். பிரிவு தலையெழுத்து இல்லை தம்பி. ராஜ் ரெட்டி 1958-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் முடித்தது சிவில். கணினித் துறையின் பெரிய பரிசான டூரிங் விருது அவருக்கு 1994-இல் கிடைத்தது, ஃபைகன்பாம் என்ற இன்னொரு கணினி அறிஞரோடு சேர்த்து. அவரைப் போல எல்லாரும் ஆக முடியாதுதான். ஆனால் சிவில் படித்தவர் பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிக்கு வழி போட்டார் என்றால், இசிஇ படித்துவிட்டு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படிக்க யாரும் தடுக்கப் போவதில்லை.

25 ஆகஸ்ட் 2024

சீட் கிடைத்த செய்தி பார்த்தேன்! கம்ப்யூட்டர் சயின்ஸே, அதுவும் 7.5-இல். அம்மாவிடம் என் அன்பைச் சொல்லு. மாமாவிடமும் சொல்லு. அவர் பயந்தது உன்மேல் அக்கறையால்தான்.

ஹாஸ்டலுக்கு வாளியும் மக்கும் இரண்டும் சொந்தமாக வாங்கிக்கொள்.

22 செப்டம்பர் 2024

வகுப்பு ஆரம்பித்துவிட்டது, பைத்தான் லேபில் பேலின்ட்ரோம் புரோகிராம் வரும் என்கிறாய். திருப்பிப் படித்தாலும் அதே சொல். லேபில் மேடம், மலையாளம் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில்தான் கொடுப்பார்கள். அதை முடித்துவிட்டு "விகடகவி" என்று தமிழில் கொடுத்துப் பார். என்ன வருகிறது என்று எழுது. நான் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன்.

29 செப்டம்பர் 2024

"இல்லை" என்று வந்ததா! எனக்கும் அப்படித்தான் வந்தது.

மூன்றாம் வருடம், அரசு மடிக்கணினியில், சி மொழியில் எழுதிப் பார்த்தேன். முதலில் விகடகவியின் நீளம் கேட்டேன். 21 என்றது. வி, க, ட, க, வி. விரல்விட்டு எண்ணினாலும் ஐந்து. எங்கிருந்து 21? புரோகிராமில் தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். தப்பே இல்லை. நீ பைத்தானில் கேட்டால் 7 என்று சொல்லும். அதுவும் தப்பில்லை.

எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கும் முறை யூனிகோடு. அதில் தமிழுக்குக் கொடுத்திருப்பது 128 இடம். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் இல்லை. "வி" என்பது வ, அதன் பின்னால் இகரத்தின் மேல்விலங்கு, இரண்டு குறி. ஆக விகடகவி: வ, மேல்விலங்கு, க, ட, க, வ, மேல்விலங்கு. ஏழு. அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், அதாவது நினைவகத்தில் மூன்று கட்டம். ஏழு மூன்று இருபத்தொன்று. சி எண்ணியது பைட்டை, பைத்தான் எண்ணியது குறியை, நாம் எண்ணியது எழுத்தை. மூன்றும் சரி.

இப்போது திருப்பிப் பார். மேல்விலங்கு முதலில் வரும், பிறகு வ. தொங்க இடமில்லாத மேல்விலங்கு. இரண்டும் எப்படிச் சமமாகும்?

தமிழ் இலக்கணம் படித்தவளுக்கு இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. நமக்கு க் என்ற மெய்தான் அடிப்படை, அதில் அ ஏறினால் க. யூனிகோடில் தலைகீழ். க-தான் அடிப்படை, அதன்மேல் புள்ளி என்ற தனிக் குறியை வைத்தால் க். அதனால் "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல் பைத்தானுக்கு ஐந்து.

சரிசெய்யும் வழி: குறிகளை ஒவ்வொன்றாக எடு. அது கொம்பு, கால், புள்ளி மாதிரி ஒட்டிக்கொள்ளும் குறியா என்று பார். ஆமென்றால் முந்தினதோடு சேர், இல்லையென்றால் புதிய எழுத்தாக வை. ஒட்டிக்கொள்ளும் குறிதானா என்று சொல்ல பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா என்ற தொகுப்பு இருக்கிறது. அதில் அந்தக் குறிகளின் வகைப் பெயர் எம் என்ற எழுத்தில் தொடங்கும். பிறகு அந்தப் பட்டியலைத் திருப்பி ஒப்பிடு. விகடகவி ஐந்தெழுத்தாகும், "ஆம்" வரும். அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டரைக்கு அந்த "ஆம்" திரையில் வந்தபோது ரூமில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மாலைமாற்று என்று ஒரு பா வகையே வைத்துக்கொண்டு, பாட்டு முழுவதையும் திருப்பிப் படிக்கிற மாதிரி எழுதியவர்கள் நம் ஆட்கள். அந்த மொழிக்காரர்கள் லேபில் மலையாளம் என்ற சொல்லோடு நின்றுவிடுவது எனக்கு மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது. உங்கள் பாடத்திட்டத்தில் இரண்டாம் செமஸ்டருக்கு "தமிழரும் தொழில்நுட்பமும்" என்று ஒரு தாள் வரும். நெசவில் தொடங்கிக் கணித்தமிழில் முடிகிற தாள். இரண்டு மார்க் கேள்விக்கு மட்டும் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடாதே.

1 அக்டோபர் 2024

அந்த விகடகவி புரோகிராம் எனக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கேம்பஸுக்கு வந்த இரண்டு பெரிய கம்பெனிகளின் குரூப் டிஸ்கஷனில் வெளியேறினேன். ஆங்கிலம்தான் காரணம், மூடி மறைக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் நேர்காணல். "நீயா செய்த ஏதாவது சொல்" என்றார்கள். போர்டில் வி க ட க வி என்று எழுதி, கீழே ஏழு கட்டம், அதற்குக் கீழே 21 கட்டம் போட்டேன். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்று கேள்வி கேட்க ஆரம்பித்தார். அரைமணி நேரம் பேசினோம். எந்த மொழியில் பேசினேன் என்ற நினைப்பே அப்போது இல்லை.

6 அக்டோபர் 2024

திருத்தம். "மோரு போருமோ" என்று கொடுத்தால் என் வழி தோற்கிறது என்று எழுதியிருக்கிறாய். முதல் காரணம் நடுவில் இருக்கும் இடைவெளி, அதை எடுத்துவிடு. இரண்டாவது காரணத்தை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "மோ"-வில் உள்ள ஓகாரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். முழுசாக ஒரே குறியாக, அல்லது இரட்டைச் சுழிக் கொம்பு தனி, கால் தனி என்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு. நீ ஒரு "மோ"-வைப் போனில் அடித்து, இன்னொன்றை வேறெங்கிருந்தோ ஒட்டியிருக்கிறாய். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். அதே யூனிகோடுடேட்டாவில் நார்மலைஸ் என்று இருக்கிறது, என்எஃப்சி என்ற வடிவம் கேள்.

27 அக்டோபர் 2024

இன்று கோபத்தில் எழுதுகிறேன். கடைசி வருடப் புராஜெக்டை விலைக்கு விற்கும் சென்டரின் நோட்டீஸ் ஒன்று கையில் கிடைத்தது. தலைப்பு, புரோகிராம் கோடு, அறிக்கை, வைவா கேள்வி பதில், எல்லாம் சேர்த்து ஒரு தொகை. எங்கள் காலத்திலும் இருந்தது. என் டீமில் நான்கு பேர். மூன்று பேர் பணம் போட்டு வாங்கலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்று சண்டை போட்டேன், கடைசியில் ஒத்துக்கொண்டேன். அப்பாவிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கினேன். வாங்கிய கோடு எங்கள் லேப் மெஷினில் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று பார்க்க எங்களில் யாருக்கும் அது தெரியாது. அது எங்களுடையது இல்லையே. வைவாவில் கணினித் திரையைப் படம் பிடித்ததைக் காட்டித் தப்பித்தோம். மார்க் வந்தது. ஏழு வருடமாகியும் அது எனக்கு உறுத்துகிறது.

விகடகவியைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஒரு தமிழ்ச் சொல்லாட்டமாகச் செய்திருந்தால்கூட அது எங்களுடையதாக இருந்திருக்கும். உனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. இப்போதே ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொள்.

பி.டெக். புராஜெக்ட் என்றால் பேருக்குத்தான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. ஓர் எண் பகா எண்தானா என்று உறுதியாகவும் வேகமாகவும் சொல்லும் முறையை 2002-இல் ஐஐடி கான்பூரில் கண்டுபிடித்தார்கள். பேராசிரியர் மணீந்திர அகர்வாலோடு அதைச் செய்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் அதே வருடம்தான் பி.டெக். முடித்தவர்கள். அவர்களின் இளநிலைப் புராஜெக்டிலிருந்து வளர்ந்தது அது. நான் முதல் லேப் தேர்வில் எழுதினேனே, அதே பகா எண் கேள்விதான்.

24 நவம்பர் 2024

கணக்கு தாளுக்குப் பயமாக இருக்கிறது என்கிறாய். எனக்குப் போன தாளும் அதுதான். ஐகன் மதிப்பு, ஐகன் வெக்டர் எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. படிகளை மனப்பாடம் செய்தேன், பரீட்சை ஹாலில் ஒரு கூட்டல் குறி மாறி எல்லாம் போனது. கூகுள் ஆரம்பத்தில் பக்கங்களை வரிசைப்படுத்த வைத்திருந்த முறை, 1998-இல் வந்தது, அடியில் ஓர் ஐகன் வெக்டர்தான் என்று எனக்குத் தெரிந்தது அரியரை எழுதிப் பாஸ் பண்ணிய பிறகு.

ஓர் அணியால், இங்கே மேட்ரிக்ஸால், பெருக்கினால் பெரும்பாலான வெக்டர் திசை மாறிவிடும். சிலது மட்டும் அதே கோட்டிலேயே நின்று நீளும், சுருங்கும். அது ஐகன் வெக்டர். எத்தனை மடங்கு நீண்டது என்பது ஐகன் மதிப்பு. கணக்கைப் போட்டு முடித்ததும் விடையை அணியோடு பெருக்கிப் பார், அதே கோட்டில் நிற்கிறதா என்று. குறி மாறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நான் இதைச் செய்திருந்தால் அன்றைக்கே பாஸ்.

15 டிசம்பர் 2024

நேற்று ராத்திரி தங்கச்சியிடமிருந்து வந்த செய்தி. அவள் அனுமதியோடு இங்கே போடுகிறேன்:

"அக்கா, லேப் எக்ஸாம் முடிஞ்சுது. வைவாவில் லிஸ்டுக்கும் டியூப்பிளுக்கும் வித்தியாசம் கேட்டாங்க. இங்கிலீஷில் ரெண்டு வரி சொன்னேன், மூணாவது வரியில மாட்டிக்கிட்டேன். போர்டில் எழுதிக் காட்டவான்னு கேட்டேன், சரின்னாங்க. அப்புறம் உங்க விகடகவி புரோகிராமில் இன்னொரு தப்பு இருக்கு. க்ஷ-வை ரெண்டு எழுத்தா எண்ணுது. க-வும் புள்ளியும் ஒண்ணு, ஷ தனின்னு பிரிச்சிடுது. ஸ்ரீயும் அப்படியே. நான் சரிபண்ணி வெச்சிருக்கேன், அனுப்பட்டுமா?"

அனுப்பு தங்கச்சி. ஒன்று பார்த்துக்கொள். ஸ்ரீயில் முதலில் வருவது ஸ-வாகவும் இருக்கலாம், ஶ-வாகவும் இருக்கலாம். இரண்டு விதமாகவும் அடிக்கிறார்கள், திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். உன் திருத்தம் இரண்டையும் பிடிக்கிறதா?